கால் அறுத்த மெஷின்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அளவு நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க ஊர்ப் பெண்களின் கை அளவும் கழுத்து இறக்கமும். பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. இவர் பார்த்தாலும் பிளவுஸ் விவகாரம் என்று மூடி வைத்துவிடுவார்.

விஷயம் இதுதான். எனக்குப் பவர் மெஷினைக் கண்டால் பயம்.

இருபத்திரண்டு வருஷமாகக் கோவில்பட்டியில் பிளவுஸ் தைக்கிறவள் நான். தங்கபுஷ்பம் தைத்தால் கழுத்து சுருங்காது என்று பேர் வாங்கியவள். ஒரு மெஷினுக்குப் பயப்படுகிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

என் நாத்தனார் பொன்செல்வி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் மகள் சுபாஷினி பிளஸ் டூ முடிக்கும்வரை மூன்று வருஷம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அந்த நன்றிக்கு, கம்பெனியில் ஓடுகிற மாதிரியே ஒரு மெஷினை வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். முன்னறையில் ஒரு மெஷினுக்குத்தான் இடம். அன்றைக்கே இவர் என் பழைய கால் மெஷினைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டார். தெருவே வந்து பவர் மெஷினைப் பார்த்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பெடலில் காலை வைத்தால் போதும், ‘டர்ர்’ என்று ஒரு முழம் ஓடிவிடுகிறது. நானோ குட்டை. கால் எட்டாமல் பெடலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன்.

இன்று செல்வி போனில், “மதினி, மெஷின் எப்படி ஓடுது?” என்று கேட்டாள். “பறக்குது போ” என்றேன். சந்தோஷப்பட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூன்று ஊசி உடைந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கழுத்து வளைவு வரும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டித் தைக்கிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் சுவிட்சைப் போட்டு, வேஸ்ட் துணியில் சும்மா ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டுகிறேன். “யம்மா, என்னா வேகம்!” என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறு பிளவுஸ் முடித்தவள் இரண்டு முடிக்கவே நாக்குத் தள்ளுகிறது.

இது மாரிக்கனிக்கு மட்டும் தெரியும். எனக்கு ஹூக் வைத்து, ஹெம்மிங் பண்ணிக் கொடுக்கிற பெண். துணியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய் முடித்துக்கொண்டு வருவாள். இந்தத் தெருவில் இன்னும் மூன்று டெய்லர்களுக்கும் அவள்தான் கை வேலை. புருஷன் ஒரு நாள் வேலைக்குப் போகிறேன் என்று போனவன், நாலு வருஷமாக ஆளைக் காணோம். அதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். நான் சக்கரம் உருட்டுவதைப் பார்த்துவிட்டு, “கல்லு உரல்ல மாவாட்டுத மாதிரி இருக்கு, அக்கா” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் என் உயரம்தான். நாங்கள் சேர்ந்து நடந்தால் இவர் “இரட்டைக் குள்ளிகள்” என்று கேலி பண்ணுவார்.

அவளும் சொந்தமாக ஒரு பழைய மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறாளாம். தீபாவளிக்குள் பாவாடை, நைட்டி என்று ஆரம்பிக்கப் போகிறாள். “பிளவுஸ் உங்களுக்கு, மத்தது எனக்கு. போட்டிக்கு வர மாட்டேன்” என்றாள். நல்லது, ஆரம்பி என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஜெயமதி டீச்சர் வந்திருந்தார். மகளுக்கு செப்டம்பர் 5-இல் கல்யாணம். முகூர்த்தப் பட்டோடு ஒட்டி வந்த பிளவுஸ் துணியில் ஆரி வேலை செய்து கொண்டுவந்தார். அரக்குப் பட்டு, முதுகு முழுக்க மயிலும் மணியும். ஒரு பெண் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து கோத்ததாம்.

“பவர் மெஷின் வாங்கிட்டீங்களாமே. அதான் வேற எங்கயும் போகாம உங்ககிட்டயே வந்தேன்” என்றார்.

ஆமாம் டீச்சர் என்று வாங்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று கரண்ட் சரியில்லை. விட்டு விட்டு வந்தது. டீச்சர் வீட்டுப் பிளவுஸை ஒருவழியாக முடித்தேன். முதுகுப் பக்கம் கொஞ்சம் கை வேலை பார்க்க வேண்டியிருந்தது. தலைவலி. சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

மாரிக்கனி ஹூக் வைக்கத் துணி எடுக்க வந்தாள். பிளவுஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இங்கன மயிலுக்குக் கீழ ஏதோ இழுபட்டிருக்கே” என்றாள்.

“அதெல்லாம் சரி பண்ணியாச்சு. நீ ஹூக்கை மட்டும் பாரு” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 31, சனி

டீச்சரும் அவருடைய அக்காவும் காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். பெண் போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கியிருக்கிறாள், முதுகில் மயிலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குப் பட்டு விட்டுக்கொண்டது. மணியெல்லாம் கொட்டிவிட்டது. டீச்சர் அழுதுவிட்டார். எப்போதும் சத்தம் போட்டே பேசுகிற மனுஷி, சத்தமே இல்லாமல் அழுதார்.

“என்னம்மா இது? எப்படிம்மா ஆச்சு?” என்றார்.

கை வேலைக்குப் போன இடத்தில் ஆணியில் மாட்டியிருக்கும் என்றேன்.

“யாரு கை வேலை?”

மாரிக்கனி என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். டீச்சரின் அக்கா, “யாரு, புருஷன் விட்டுட்டுப் போனானே, அவளா?” என்றார். நான் தலையை ஆட்டினேனோ என்னவோ, ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

அவள்தான் கிழித்தாள் என்று நான் சொல்லவில்லை. மாட்டியிருக்கும் என்றுதான் சொன்னேன். அவள் வீட்டில் ஆணி இல்லாமலா இருக்கும்?

செப்டம்பர் 6, வெள்ளி

நேற்று டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். இவர் மட்டும் மொய் எழுதிவிட்டு வந்தார். பெண் கடையில் வாங்கின ரெடிமேட் பிளவுஸ் போட்டிருந்ததாம். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை என்றார். இவருக்கு எதில்தான் வித்தியாசம் தெரியும்.

செப்டம்பர் 12, வியாழன்

மாரிக்கனிக்குக் கைராசி இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஒரு விஷயம் நடந்துவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்யாணத் துணி, வளைகாப்புத் துணி எதையும் அவளிடம் கொடுக்க வேண்டாம் என்று துணி கொண்டு வருகிறவர்களே சொல்லி அனுப்புகிறார்களாம். மற்ற மூன்று டெய்லர்களும் வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். ஆவணி முகூர்த்தத்தில் ஒரு பிளவுஸ்கூட அவளுக்குப் போகவில்லை.

நான் சாதாரணப் பிளவுஸ் நாலு கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “வேற ஏதும் சொல்லணுமா, அக்கா?” என்றாள்.

“இல்லையே” என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

மாரிக்கனி வரவில்லை. நாலு பிளவுஸையும் முடித்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். ஒருவகையில் நல்லதுதான், மாதச் சம்பளம்.

ஹூக்கை எல்லாம் இனி நானே வைக்க வேண்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பவர் மெஷின் என் விரலில் ஏறிவிட்டது. நகத்தோடு சேர்த்து. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ், “புதுசா தையல் பழகுதீகளா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கும் ஒரு பொய்.

வரும் வழியில் மெக்கானிக் சிக்கந்தர் பாய் கடைக்குப் போனேன். கதவுப் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “பாய், எனக்கு இந்த மெஷின் ஒத்துவரல, என்னால முடியல” என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது, கட்டுப் போட்ட கையோடு.

“இதுக்குப் போயா? கம்பெனி மெஷின்ல பாவாடைக்கு நேரா நீளத் தையல் அடிக்கலாம்மா. பிளவுஸ் கழுத்துக்கு அது எதுக்கு? நம்ம கால் சொல்றதைக் கேக்குற மெஷின்தான் நல்ல மெஷின். என்கிட்ட ஒண்ணு விக்க வந்திருக்கு. சின்ன மோட்டார். உங்க பவர் மெஷினைத் தையல் யூனிட் நடத்துறவங்க யாராச்சும் எடுத்துக்குவாங்க, மாத்திக் குடுத்துடறேன்” என்றார்.

செல்விக்குத் தெரிந்தால்? அதை அப்புறம் பார்ப்போம்.

அக்டோபர் 2, புதன்

மாற்றியாயிற்று. எவ்வளவு நாளாயிற்று இப்படித் தைத்து! கால் வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது. ஒரு தையல் போடு என்றால் ஒன்றே ஒன்றுதான் போடுகிறது. கழுத்து வளைவில் நான் நினைப்பதற்குள் அது திரும்பிவிடுகிறது. செங்கல் வேண்டியதில்லை, முட்டி இடிக்கவில்லை, தோள் வலிக்கவில்லை. என்னை உட்காரவைத்து அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது. மத்தியானத்துக்குள் மூன்று பிளவுஸ். இவர் டியூட்டி முடிந்து வந்து, “என்ன, பாட்டெல்லாம் பலமா இருக்கு?” என்றார். நான் பாடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

அக்டோபர் 6, ஞாயிறு

வீடு கூட்டும்போது குனிந்து பார்த்தேன். மெஷின் ஸ்டாண்டின் நாலு காலும் இரண்டு அங்குலம் அறுத்து, ரப்பர் மூடி போட்டிருக்கிறது. வெல்டிங் பட்டறையில் கொடுத்து அறுத்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு எட்டுகிறது. யாரோ என்னைப் போல ஒரு குட்டைப் பெண் வைத்திருந்த மெஷின்.

ஊரில் எத்தனையோ குட்டைப் பெண்கள்.

அக்டோபர் 8, செவ்வாய்

தூக்கம் வராமல் போனதால் காலையில் சிக்கந்தர் பாயிடம் போய்க் கேட்டேவிட்டேன்.

“உங்ககிட்ட ஹூக் வச்சுக்கிட்டு இருந்துச்சே, அந்தப் பொண்ணோடதுதான். ஆசையா வாங்குச்சு. காலை அறுக்கணும்னு அதுவே தலையில தூக்கிட்டுப் பட்டறைக்குப் போச்சு. ராசியில்லாத கைன்னு ஊரு சொல்லுது, யாரு பாய் என்கிட்ட துணி குடுப்பான்னு கொண்டாந்து போட்டுட்டுப் போயிருச்சு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து மெஷின் மேல் துணியைப் போட்டு மூடினேன். மூன்று பிளவுஸ் அவசரம் இருந்தது. மறுபடி திறந்து தைத்தேன். நன்றாகத்தான் ஓடியது. சனியன், நன்றாக ஓடியது.

அக்டோபர் 13, ஞாயிறு

செல்வி போன் பண்ணினாள். சுபாவுக்குத் தை மாதம் கல்யாணம் முடிவாகிவிட்டது. “முகூர்த்த பிளவுஸ் நீங்கதான் மதினி தைக்கணும். நான் வாங்கிக் குடுத்த மெஷின்லயே தைங்க. அடுத்த வாரமே துணியோட வாரேன்” என்றாள். எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் பேன் பார்த்து, சடை பின்னி, பரீட்சைக்கு அனுப்பியவள் நான்.

அந்த வேகத்தில், “ஹூக்கும் ஹெம்மிங்கும் மாரிக்கனியைக் கூப்பிட்டுப் பண்ணச் சொல்லுதேன். அவளை மாதிரி யாரும் பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டேன்.

செல்வி குறுக்கே புகுந்தாள்.

“என்ன மதினி சொல்லுதீக? அவளுக்குக் கைராசி இல்ல, கல்யாணத் துணியை அவ கையில தொடவிடக் கூடாதுன்னு நீங்கதான என்கிட்ட சொன்னீக?”

அக்டோபர் 14, திங்கள்

இந்த நோட்டிலும் பொய் எழுதிவைத்திருக்கிறேன். யாருக்குப் பயந்து?

ஆகஸ்ட் 28 அன்று கரண்ட் நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் அவசரம் என்றாரே என்று சக்கரத்தை உருட்டாமல் சுவிட்சைப் போட்டுத் தைத்தேன். கால் அழுந்திவிட்டது. மெஷின் மயிலுக்குள் புகுந்து, மணியில் பட்டு ஊசி உடைந்து, உடைந்த ஊசியோடு பட்டை இழுத்துக்கொண்டு போனது. உள்ளே ஒட்டுத்துணி வைத்துக் கையால் இழை ஓட்டி மறைத்தேன். மாரிக்கனி அதைப் பார்த்துச் சொன்னபோது வாயை அடைத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 31 அன்று டீச்சரின் அக்கா “அவளா?” என்று கேட்டபோது நான் தலையை மட்டும் ஆட்டவில்லை. “ஆமாங்க, அவ கை ராசியில்லாத கை. இனி கல்யாணத் துணியை அவகிட்ட குடுக்க மாட்டேன்” என்றேன். ஊர் கிளப்பியது என்று எழுதியிருக்கிறேனே, அந்த ஊர் நான்தான். மறுநாள் செல்வியிடம் சொன்னேன். துணி கொண்டுவந்த இரண்டு பேரிடம் சொன்னேன். எதிர்வரிசை டெய்லரிடம் காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொல்லச் சொல்ல அது நிஜம் மாதிரியே இருந்தது. ஒருத்தியைப் புருஷன் விட்டுவிட்டுப் போனதை எடுத்து என் தப்பை மூடிக்கொண்டேன். சீ.

அக்டோபர் 15, செவ்வாய்

டீச்சர் வீட்டுக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“ஆணியில மாட்டுன கிழிசல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வரிசையா ஊசி போன ஓட்டை இருந்துச்சு. கல்யாண வீட்டுல சண்டை எதுக்குன்னு விட்டேன். ஆனா அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா” என்றார். அப்புறம், “எங்க அக்காகிட்ட நான் சொல்லிடுதேன். மத்தவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்” என்றார்.

அக்டோபர் 16, புதன்

மாரிக்கனி வேலை விட்டு வருகிற நேரம் பார்த்து அவள் வீட்டு வாசலில் நின்றேன். கையெல்லாம் வெல்லப் பிசுக்கு. என்னைப் பார்த்ததும் குழாயடியில் போய்க் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

“தெரியும்க்கா. ஹூக் வைக்கும்போதே எனக்குத் தெரியும். டீச்சரும் அவுக அக்காவும் உங்ககிட்ட வந்து கேட்ட அன்னைக்கு, நீங்களே வந்து சொல்லுவீகன்னு பாத்தேன். மறுநாள் பாத்தேன். நாலு பிளவுஸ் குடுத்தீகளே, அன்னைக்குக் கேக்கவே செஞ்சேன். ‘இல்லையே’ன்னீக. அதுக்கப்புறம்தான் மெஷினைத் தூக்கிட்டுப் போயிப் போட்டேன்.”

மெஷின் என்னிடம்தான் இருக்கிறது, நாளைக்கே ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன் என்றேன்.

அவளுக்கு அது தெரியாது போலிருக்கிறது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “நல்லா ஓடுதா?” என்றாள்.

“நல்லா ஓடுது.”

“ஓடும். ரெண்டு மாசம் எண்ணெய் விட்டு எண்ணெய் விட்டு வச்சிருந்தேன்” என்றாள். “நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு மெஷின் வேண்டாம். மெஷின் இருந்தா மட்டும் யாரு துணி குடுக்கப் போறா? என் கை கெட்ட கை இல்லன்னு நீங்க உங்க வாயால ஊருக்குச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.”

வா, உட்கார் என்று அவள் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

செல்வி துணியோடு வந்து இறங்கினாள். முன்னறையில் நுழைந்ததும், “மெஷின் எங்க?” என்றாள். உட்காரவைத்துச் சொன்னேன். பயந்தது, சக்கரம் உருட்டியது, டீச்சர் பிளவுஸ், மாரிக்கனி, மாற்றிக்கொண்டது எல்லாம்.

“புடிக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்? கம்பெனியில புதுசா வார பிள்ளைக ஒரு மாசம் அதைத் தொடவே பயப்படும், மதினி. நான் பழக்கிவிடுவேன். உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணல, நீங்க பெரிய டெய்லர்னு நெனச்சுட்டேன்.” பிறகு, “மெஷினை விடுங்க. அந்தப் பிள்ளைக்குப் பண்ணது ரொம்பத் தப்பு” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சுபாவின் பிளவுஸை மாரிக்கனியிடம் கொடுக்கலாமா என்று கேட்டேன். யோசித்தாள். “குடுங்க” என்றாள்.

அக்டோபர் 23, புதன்

துணி கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் அளவெடுக்கும் முன்னால் சொல்கிறேன். இன்றோடு பதினொரு பேர். இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்வரிசை டெய்லர் வாயில் கை வைத்துச் சிரித்தாள். சிரிக்கட்டும். பதினோராவது தடவையும் முதல் தடவை மாதிரியேதான் கூச்சமாக இருக்கிறது.

மாரிக்கனிக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாளாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு நாலு நாள். முன்னறையில் ஐந்து பெண்கள் துணி வாங்கக் காத்திருந்தார்கள். டீச்சரின் அக்காவும் இருந்தார். பதினொரு மணிக்கு மாரிக்கனி வந்தாள். பாய் விரித்து வைத்திருந்தேன், உட்காரவில்லை. சுபாவின் பிளவுஸைக் கையில் கொடுத்தேன்.

“இவகிட்டயா உங்க வீட்டுக் கல்யாணத் துணி?” என்று காத்திருந்தவர்களில் ஒருத்தி கேட்டாள்.

“ஆமா. போன தடவை கிழிச்சது நான். பழியை இவ மேல போட்டதும் நான்” என்றேன். டீச்சரின் அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

மாரிக்கனி பிளவுஸை உள்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்து, கை, அக்குள், முதுகு என்று ஒவ்வொரு தையலாக இழுத்து இழுத்துப் பார்த்தாள். அறையில் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

“நான் பாத்துட்டேன். எங்கயும் கிழிசல் இல்ல. நீங்களும் பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். “இல்லம்மா” என்றேன்.

“எனக்குக் கேக்கல, அக்கா.”

“கிழிசல் இல்ல. முழுசாத்தான் உன் கையில குடுக்கேன்.” தெருவுக்கே கேட்டிருக்கும்.

“இனிமே எந்தத் துணி குடுத்தாலும், யாரு இருந்தாலும், இப்படிச் சொல்லித்தான் குடுக்கணும்.”

“சரி” என்றேன்.

அதற்குப் பிறகுதான் மாரிக்கனி பாயில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.